மஞ்சள் பவுடரின் பேர்

சேரப்பணஞ்சேரி
3-3-1991

அன்புள்ள தம்பி நடேசனுக்கு அக்கா சந்திரம்மாள் சொல்ல, மகள் பிரவீனா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் கொட்டகையில் ஆயிரத்துச் சொச்சம் குஞ்சுகளும் சுகம். நீ அங்கே ஓட்டல் சோறு தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாயா என்று எழுது.

நீ தீவன லாரி டிரைவரிடம் கொடுத்து அனுப்பிய மஞ்சள் பவுடர் வந்து சேர்ந்தது. கவரின் மேல் பேர் ஒன்றும் இல்லை. டிரைவரிடம் கேட்டேன். கம்பெனி சாம்பிள், அதில் பேர் இருக்காது என்று நீ சொன்னதாகச் சொன்னார். பேர் எதற்கு, வேலை செய்தால் சரி. கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி, கொட்டகைக் கம்பத்தில் மாட்டி வைத்திருக்கிறேன்.

இந்தத் தடவை பதினெட்டாம் நாள் குஞ்சுகளுக்குக் கொரட்டை வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கொரகொர என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். பத்துக் குஞ்சுக்கு வந்த உடனே கண்டுபிடித்தால் தப்பிக்கலாம், விட்டால் கொட்டகையே படுத்துவிடும் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். ஆனால் என் காதுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். பிரவீனாதான் கண்டுபிடிக்கிறாள். பொழுது சாய்கிற நேரத்தில் தீவனத் தட்டுகளை எடுத்துவிட்டு நாங்கள் அசையாமல் நிற்போம். அவள் நடுவில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். பிறகு கையை நீட்டி "அதோ, அது" என்பாள். தூக்கிக் காதோரம் வைத்துப் பார்த்தால் கொரகொர. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. வல்லத்தில் இருந்து ஒரு பண்ணைக்காரர் வந்து அவளைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கச் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்.

தண்ணீரில் பவுடர் போட்ட மூன்றாம் நாள் சத்தம் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஷிப்டும் ஓ.டி.யுமாக இருக்கிறார். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
அக்கா சந்திரம்மாள்

மாமா, இதற்குக் கீழே இருப்பது நானாக எழுதுவது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் அவர்களுக்குத் தெரியாது. அம்மா பேசுகிற மாதிரியே எழுதினால் ஞானம்மா டீச்சர் திட்டுவார்கள். அதனால் "கீது" என்று சொன்னதை எல்லாம் "இருக்கிறது" என்று மாற்றிவிட்டேன். இன்னொன்று. போன வாரம் எனக்கு வயிற்றுப்போக்கு. அம்மா அந்தப் பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். நின்றுவிட்டது. ஆனால் கசப்பு மாமா, சாயங்காலம் வரைக்கும் நாக்குக் கசந்தது.

நாமக்கல்
12-3-1991

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி நடேசன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். ஓட்டல் சோறும் சுகம். சின்னப்பையன் மாமா ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டதாகச் சொல்லவும்.

கொரட்டை வரட்டும் என்று காத்திருக்காதே அக்கா. அதெல்லாம் பழைய முறை. குஞ்சு வந்து இறங்கிய அன்றைக்கே ஆரம்பித்து மூன்று நாள் பவுடர் கொடுத்துவிடு. ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மூடி. பிறகு பதினைந்தாம் நாள் மறுபடி மூன்று நாள். நோய் இருக்கிறதோ இல்லையோ, கொடுக்க வேண்டியதுதான். குஞ்சு நன்றாகச் சதை பிடிக்கும். இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் எல்லாம் இப்போது இப்படித்தான். நான் ஒரு நாளைக்கு எட்டுப் பண்ணை ஏறி இறங்குகிறேன், எட்டிலும் மஞ்சள் தண்ணீர்தான். விற்பதற்கு ஏழு நாள் முன்னால் மட்டும் நிறுத்திவிடு.

பிரவீனாவின் காதைக் கம்பெனியில் சொன்னேன். சம்பளத்துக்கு அனுப்பச் சொல் என்றார் மேனேஜர். அடுத்த பார்சல் பவுடர் இதே லாரியில் வரும்.

உன் அன்புத் தம்பி,
நடேசன்

பிரவீனாக் குட்டிக்கு: கசந்தால் ஒரு துண்டு வெல்லம் கடித்துக்கொள். கோழி மருந்தும் மனுஷன் மருந்தும் அண்ணன் தம்பிதான், போட்டிருக்கிற சட்டைதான் வேறே.

சேரப்பணஞ்சேரி
9-6-1991

அன்புள்ள தம்பிக்கு அக்கா சொல்ல, பிரவீனா எழுதுவது. நாங்கள் சுகம். கோழிகள் அவ்வளவு சுகம் இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

போன மாதம் இந்தப் பக்கம் நடந்ததைப் பற்றி எல்லாரும் உன்னிடம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு என்ன தெரியும். ஸ்ரீபெரும்புதூர் ரோடு முழுக்கப் போலீஸ். தீவன லாரி நான்கு நாள் வரவில்லை. கோழிகள் பசியில் ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டன. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

பவுடர் முன்னே மாதிரி கேட்கவில்லை. நீ சொன்னபடி வந்த அன்றே ஆரம்பித்து ஒரு மூடி போட்டேன். பிறகு இரண்டு மூடி. இந்தத் தடவை மூன்று மூடி போட்டும் பிரவீனா தினமும் நாற்பது கோழியைக் கை காட்டுகிறாள். தண்ணீர் மஞ்சள் அரைத்துக் கலக்கிய மாதிரி கெட்டியாக இருக்கிறது, கோழி குடிக்கவே யோசிக்கிறது. வேறு நல்லதாக ஏதாவது இருந்தால் அனுப்பு.

இப்படிக்கு,
அக்கா சந்திரம்மாள்

மாமா, நான் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். பவுடர் இப்போது எனக்குப் பழகிவிட்டது. சளி பிடித்தாலும் அதுதான், உடம்பு சுட்டாலும் அதுதான். மார்ச்சில் இருந்து எண்ணிப் பார்த்தால் ஏழு தடவை ஆகிறது. உடம்பு சரியான உடனே நிறுத்திவிடுவோம். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொன்னபடி வெல்லம் கடித்துக்கொள்கிறேன்.

நாமக்கல்
22-6-1991

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கம். நான் சுகமே. என்னைப் பகுதி அலுவலர் ஆக்கியிருக்கிறார்கள். மூன்று தாலுகா என் பொறுப்பு, கம்பெனி மோட்டார் சைக்கிள். மாமாவிடம் சொல்லவும், சந்தோஷப்படுவார்.

பவுடர் கேட்கவில்லை என்றால் கூட இன்னொன்றும் சேர்த்துப் போட வேண்டும். வெள்ளையாக ஒரு பவுடர் அனுப்பியிருக்கிறேன். இரண்டையும் கலந்து போடு. இங்கேயும் அதே தகராறுதான். பண்ணைக்காரர்கள் ஒரு மூடி, இரண்டு மூடி, மூன்று மூடி என்று ஏற்றிக்கொண்டே போய் இப்போது மூடியே வேண்டாம், கவரோடு கொட்டுகிறார்கள். கம்பெனிக்குச் சந்தோஷம்.

பிரவீனாவுக்கு ஒரு மைப் பேனா அனுப்பியிருக்கிறேன். ஆறாம் வகுப்பு வந்த பெண் பென்சிலால் எழுதக் கூடாது. அவள் கணக்கில் எவ்வளவு மார்க் வாங்கினாள் என்று எழுதவே இல்லையே.

அன்புடன்,
நடேசன்

சேரப்பணஞ்சேரி
28-7-1991

அன்புள்ள தம்பிக்கு அக்கா சொல்ல, பிரவீனா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கொட்டகையில் திங்கட்கிழமை முப்பத்தொன்று. செவ்வாய் ஐம்பது. புதன் எண்பத்து நான்கு. அதற்குப் பிறகு எண்ணவில்லை. கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டித் தோண்டி என் வீட்டுக்காரருக்குக் கை கொப்பளித்துவிட்டது. மஞ்சளும் போட்டாயிற்று, வெள்ளையும் போட்டாயிற்று. மிச்சம் இருந்ததை வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஏழு நாள் பொறுக்க வேண்டும் என்று சொன்னேன். ஏழு நாளில் உன்னிடம் கோழி இருக்காதம்மா என்று சொன்னார். அதுவும் சரிதான். மஞ்சள் தண்ணீர் அலகில் காய்வதற்கு முன்னால் கூண்டில் ஏற்றிவிட்டார். யார் வாங்கிச் சாப்பிட்டார்களோ.

பிரவீனாவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அக்கா சந்திரம்மாள்

மாமா, பேனா நன்றாக எழுதுகிறது. தலை வலிப்பதால் எழுத்துக் கோணலாக வந்திருக்கிறது, மன்னிக்கவும். பவுடர் நான்கு நாளும் சாப்பிட்டேன். இப்போது வெல்லமும் கசக்கிறது.

சேரப்பணஞ்சேரி
11-8-1991

திரு. நடேசன் அவர்களுக்கு, ஆண்டவர் கிருபையால் தாங்கள் சுகமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். நான் பிரவீனாவின் ஆசிரியை ஞானம்மா. தங்கள் தமக்கை கேட்டுக்கொண்டதால் அவருக்காக எழுதுகிறேன்.

பிரவீனாவுக்குக் காய்ச்சல் இன்றோடு பதினெட்டு நாள். முதலில் படப்பையில் காட்டினார்கள். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். டைபாய்டு என்கிறார்கள். எட்டு நாள் மருந்து கொடுத்தும் சூடு இறங்கவில்லை. வழக்கமாக இந்த மருந்துக்கு ஐந்தாம் நாளே இறங்கிவிடுமாம். இதற்கு முன்னால் குழந்தைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை என்று தங்கள் தமக்கை சொல்லிவிட்டார். அவர் பதில் சொன்னபோது நான் உடன் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், குழந்தைக்கு ஏதோ கைமருந்து கொடுத்ததாகச் சொல்லி, வார்டே கேட்கும்படி அப்போதுதான் ஏச்சு வாங்கியிருந்தார்.

இனி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, கோழிக்குப் போட்டமே அந்த மஞ்சப் பவுடரு, அதுக்குப் பேரு இன்னான்னு மட்டும் எய்தி அனுப்பு. குஞ்சுங்களுக்காகத்தான் கேக்கறேன். வேற இன்னாவும் வாணாம். உன் பேரு எங்கியும் வராது, பயப்படாதே."

குழந்தை இந்த நிலையில் இருக்கும்போது கோழி மருந்தின் பேரை ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கொட்டகையில் இப்போது ஒரு கோழிகூட இல்லை. ஆனால் மூன்று தடவை திருப்பித் திருப்பிச் சொன்னதால் எழுதிவிட்டேன். உடனே பதில் போடவும்.

இப்படிக்கு,
ஞானம்மா

(அஞ்சலட்டை)
20-8-1991

திரு. நடேசன் அவர்களுக்கு ஞானம்மா. தங்களிடமிருந்து பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா? தங்கள் தமக்கை நாள்தோறும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் விட்டுத் தபால் வந்ததா என்று கேட்கிறார். பழைய மருந்தை நிறுத்திவிட்டு ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். பலமான ஊசியாம். அதிக நாள் போட்டால் காதைத் தொட்டுவிடக் கூடும், ஆனாலும் உயிர் முக்கியம் என்று சொல்லித்தான் போடுகிறார்கள். பெற்றவர்கள் சம்மதித்துவிட்டார்கள். அந்தப் பேரை எழுதவும். சுகம் விசாரிக்கிறேன்.

நாமக்கல்
2-9-1991

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. பிரவீனாவுக்கு உடம்பு சரியில்லை என்று அறிந்து மனம் வருத்தப்பட்டேன். கவலைப்பட வேண்டாம், இந்தக் காய்ச்சல் இந்த வருஷம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நான் மூன்று தாலுகாவும் சுற்றுப்பயணம் போய்விட்டதால் டீச்சர் எழுதிய கடிதங்கள் இன்றைக்குத்தான் கைக்கு வந்தன. அதனால்தான் தாமதம்.

குஞ்சுகளுக்காகப் பவுடரின் பேர் கேட்டிருந்தாய். அந்தச் சரக்கைக் கம்பெனி நிறுத்திவிட்டது. இனி கோழிகளுக்கு அதைப் போட வேண்டாம். பாட்டிலில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடு. புதுக் குஞ்சு இறக்கினால் எழுது, வேறு அனுப்புகிறேன்.

பிரவீனாவுக்குக் கஞ்சியும் இளநீரும் கொடுக்கவும். ஞானம்மா டீச்சருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
நடேசன்

சேரப்பணஞ்சேரி
30-9-1991

திரு. நடேசன் அவர்களுக்கு, தங்கள் தமக்கை சொல்ல ஞானம்மா எழுதுவது. தாங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். இனி அவர் சொல்வது.

தம்பி, பிரவீனா வீட்டுக்கு வந்துவிட்டாள். காய்ச்சல் இல்லை. சோறு சாப்பிடுகிறாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, அது வளர்ந்துவிடும் என்கிறார்கள்.

வந்து மூன்றாம் நாள் அவள் வாசலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பங்கரையில் இருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. சின்னப் பெண், அசதியாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். தவலையைக் கீழே போட்டேன். நாய் எழுந்து ஓடியது, அவள் துவட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏம்மா எல்லாரும் மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று கத்திக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் காட்டியாயிற்று. இரண்டு காதும் இல்லை. வராது என்று சொல்லிவிட்டார்கள். முதல் மருந்து கேட்காது என்று பத்து நாள் முன்னாலேயே தெரிந்திருந்தால் நேரே வேறு மருந்துக்குப் போயிருக்கலாம், உடம்பு அவ்வளவு மோசமாகியிருக்காது, ஊசியும் இத்தனை நாள் போட வேண்டி வந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லிச் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதிக்கொண்டே சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நான் கொட்டகையைக் கழுவி விட்டேன். உமியை எல்லாம் வாரிக் கொட்டினேன். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

பவுடருக்குப் பேர் கேட்டிருந்தேன். இனிமேல் வேண்டாம்.

இப்படிக்கு,
சந்திரம்மாள்

பின்குறிப்பு: இது ஞானம்மா. கையெழுத்தில் "அக்கா" என்று சேர்க்கவா என்று கேட்டேன். அவர் தபால் உறையை எடுத்து நீட்டினார். அதனால் சேர்க்கவில்லை.

நாமக்கல்
21-10-1991

அக்கா,

சுகம் விசாரித்து எழுத எனக்குக் கை வரவில்லை. இதைப் பிரவீனாதான் உனக்குப் படித்துச் சொல்வாள் என்று தெரியும். டீச்சர் பேருக்கு அனுப்பலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். அதுவும் ஒளிந்துகொள்வதுதான்.

நான் சுற்றுப்பயணம் போகவில்லை. டீச்சரின் முதல் கடிதம் ஆகஸ்ட் பதினான்காம் தேதி என் கைக்கு வந்துவிட்டது. ஊரில்தான் இருந்தேன். நீ கோழிக்காகக் கேட்கவில்லை என்பது படித்த உடனே தெரிந்தது. பிரவீனா மார்ச்சில் எழுதியதும் தெரியும், ஜூனில் ஏழு தடவை என்று எழுதியதும் தெரியும். ஜூனில் நான் ஒரு வரி எழுதியிருக்கலாம், குழந்தைக்குக் கொடுக்காதே என்று. எழுதினால் மார்ச்சில் வெல்லம் கடித்துக்கொள் என்று சொன்னவன் நான்தான் என்று ஆகிவிடும். பேனா வாங்கி அனுப்பினேன்.

தந்தி ஆபீஸ் என் அறைக்கு எதிரில் இருக்கிறது. ஒரு சொல் போதும். நான்கு நாள் போய்ப் படியில் நின்றுவிட்டு வந்தேன். முதல் நாள் தந்திப் பாரத்தில் அந்தப் பேரை எழுதியும்விட்டேன். சாம்பிள் சரக்கை வெளியே கொடுக்கக் கூடாது, பேரைக் கிழித்து அனுப்பக் கூடாது, இரண்டையும் செய்திருந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு காகிதம் கம்பெனிக்கு வந்தால் வேலை போய்விடும் என்று பாரத்தைக் கிழித்தேன். என் பேர் எங்கும் வராது என்று நீ சொல்லியிருந்தாய். அதைப் பிடித்துக்கொண்டேன். நீ எனக்காகச் சொன்னாய், நான் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வேலையை விட்டுவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, தெரிந்துதான் சொல்கிறேன். நான் நடந்த பண்ணைகளில் எல்லாம் இன்னும் அந்தத் தண்ணீர்தான் ஓடுகிறது.

அந்தப் பவுடரின் பேர் குளோராம்பெனிகால். ஆஸ்பத்திரியில் பிரவீனாவுக்கு முதல் எட்டு நாள் கொடுத்ததும் அதேதான். சட்டைதான் வேறே.

நான் வரலாமா? வா என்றால் வருகிறேன், வராதே என்றால் வரவில்லை. நீ என்ன சொன்னாலும் சொல்லிவிடு அக்கா. ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருக்காதே.

நடேசன்

சேரப்பணஞ்சேரி
10-11-1991

அன்புள்ள மாமாவுக்குப் பிரவீனா எழுதுவது. நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? தீபாவளிக்கு நீங்கள் வரவில்லை. வெடி பார்த்தேன். அப்பா எனக்காகப் பூவாணம்தான் நிறைய வாங்கி வந்தார்.

உங்கள் கடிதம் வந்தது. நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சத்தமாகத்தான் படித்தேன் என்று நினைக்கிறேன், அம்மா இரண்டு தடவை கையைத் தாழ்த்தி மெதுவாகப் படி என்று காட்டினார்கள். அந்த மருந்தின் பேர் எனக்கு முதலில் வாயில் வரவில்லை. மூன்று தடவை படித்தேன். சரியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு உங்கள் மேல் கோபமா என்று யோசித்துப் பார்த்தேன். இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

கொட்டகையில் புதுக் குஞ்சு ஐந்நூறு இறக்கியிருக்கிறோம். வெறும் தண்ணீர்தான் வைக்கிறார்கள். நான் முன்னே மாதிரி நடுவில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் குஞ்சைத் தூக்கி நெஞ்சில் விரலை வைத்தால் கொரட்டை விரலுக்குத் தெரிகிறது. என்ன, ஐந்நூறையும் தூக்கிப் பார்க்க வேண்டும். சாயங்காலம் ஆகிவிடுகிறது.

உங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்று இன்றைக்கு அம்மா காகிதமும் பேனாவும் எடுத்து வந்து வைத்தார்கள். ஞானம்மா டீச்சரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டி, என்னையே உட்கார வைத்தார்கள். எனக்குக் காது கேட்காதே என்று காதைத் தொட்டுக் காட்டினேன். தெரியும் என்று தலையை ஆட்டினார்கள். பிறகு எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ரொம்ப நேரம் சொன்னார்கள் மாமா. அம்மா இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் வராத அழுகை எல்லாம் வந்தது. நடுவில் ஒரு தடவை தரையில் அடித்தார்கள், அது என் காலுக்குத் தெரிந்தது. ஒரு தடவை சிரித்த மாதிரியும் இருந்தது. நான் எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். இதுவரைக்கும் நீங்கள் படித்தது எல்லாம் அப்போது நானாக எழுதியதுதான்.

அம்மா சொன்னதில் ஒரு சொல் மட்டும் எனக்குத் தெரிந்தது. தம்பி. அதைச் சொல்லும்போது உதடு ஒட்டித் திறக்கும், பார்த்தாலே தெரியும். நிறையத் தடவை சொன்னார்கள். கோபமாகச் சொன்னார்களா, வேறு மாதிரி சொன்னார்களா என்பது உதட்டில் தெரியவில்லை. உங்களை வரச் சொன்னார்களா, வர வேண்டாம் என்றார்களா என்பதும் தெரியவில்லை.

சொல்லி முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுதிவிட்டாயா என்று கையால் கேட்டார்கள். எழுதிவிட்டேன் என்று தலையை ஆட்டினேன். கீழே அம்மா பேரைப் போடச் சொல்லி விரலால் இடத்தைக் காட்டினார்கள். அவர்கள் சொன்னதற்காகப் பாதிப் பக்கம் விட்டுவிட்டு, அம்மா காட்டிய இடத்தில் போட்டிருக்கிறேன். அக்கா என்பதை நானாகச் சேர்த்தேன்.

&nbsp;

&nbsp;

&nbsp;

இப்படிக்கு,
அக்கா சந்திரம்மாள்